பறக்கும் தட்டும் பதினெட்டுக் கட்டமும்: வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர். போன மாதம் எட்டாம் வகுப்பில், பிடித்த அரசர் ஒருவரை வரையச் சொன்னேன். குதிரை மேல் வாளோடு இருபது ராஜாக்கள் வந்தார்கள். ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தான். சுரைக்காய் போல நீண்ட தலை, ஒல்லிக் கழுத்து, சரிந்த வயிறு, பெருத்த தொடை. பின்னால் பறக்கும் தட்டு. கீழே எழுதியிருந்தது: ‘அக்கெனாத்தென், ஏலியன் ராஜா’.

படம் மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். கன்னத்துக்குக் கீழே விழும் நிழலைக்கூடச் சரியாகப் பிடித்திருந்தான். “இவர் எகிப்து ராஜாடா, மனுஷன்தான்” என்றேன். “இல்ல சார், நாலு சேனல்ல பாத்துட்டேன். அவங்க பொய்யா சொல்லுவாங்க?” என்றான். அன்று ராத்திரி அந்த நாலையும் நானும் பார்த்தேன். சேனல் பெயர்களைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் உங்களுக்கு வியூஸ்தான் ஏறும்.

ஒருவர் அவரை வேற்றுக்கிரகவாசி என்கிறார். தம்நெயிலில், எகிப்தின் கர்னாக்கில் கிடைத்த அவருடைய சிலையின் கண்ணுக்குப் பச்சை விளக்கு போட்டிருக்கிறார். இன்னொருவர், கை கால் நீண்டுவிடும் மார்ஃபான் என்ற பிறவி நோய் என்று அடித்துச் சொல்கிறார். மூன்றாமவர் இரண்டையும் கலந்து கட்டுகிறார். நாலாமவர் பரவாயில்லை, உடம்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ‘உலகின் முதல் பகுத்தறிவாளர்’ என்று மாலை போட்டுவிட்டார். நாலு பேருமே அந்தச் சிலையையும் சுவர்ச் சிற்பங்களையும் திரை நிறையக் காட்டுகிறீர்கள். அதைச் செதுக்கிய ஆள் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு உறைத்தது அதுதான்.

2018ல், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் எகிப்துக்குப் போய்வந்தேன். குழுவோடு போன சுற்றுலா. அக்கெனாத்தெனின் தலைநகரம் இருந்த அமர்னா அதில் இல்லை, கேட்டும் நடக்கவில்லை. லக்சோரில் ஒரு முற்பகல் மட்டும் குழுவை விட்டு விலகி, நைல் நதிக்கு மேற்கே ராமோஸ் என்ற அமைச்சரின் கல்லறைக்குப் போனேன். உள்ளே, கடைசிச் சுவரின் நடுவில் ஒரு வாசல். அதற்கு இடப்பக்கம் அரசர் பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் மாத் என்ற பெண் தெய்வம். நிமிர்ந்த தோள், ஒடுங்கிய இடுப்பு, அளவான தலை. எகிப்தில் எந்த அரசரையும் எப்படிக் காட்டுவார்களோ அப்படி. வாசலுக்கு வலப்பக்கம் அதே அரசர், மனைவி நெஃபர்டிட்டியோடு ஒரு மாடத்தில் நிற்கிறார். மேலே சூரிய வட்டம். அதிலிருந்து இறங்கும் கதிர் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குட்டிக் கை. அரசரின் தாடை நீண்டிருக்கிறது, கழுத்து முன்னே வளைந்திருக்கிறது, வயிறு சரிந்திருக்கிறது.

ஒரே கல்லறை, ஒரே ஆள், ஒரே சுவர். இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு வாசற்படியும் சில வருஷங்களும்தான். இடப்பக்கம் உள்ள மனிதர் வாசலைத் தாண்டி வலப்பக்கம் வருவதற்குள் நோய் பிடித்து மண்டை நீண்டுவிட்டதா? அப்படியே பிடித்திருந்தாலும், அவருக்கு முன்னே வளைந்து கும்பிடுகிறவர்களுக்குமா அதே வயிறு, அதே மண்டை?

வலப்பக்கத்து வேலை முடியவில்லை. ஒரு பகுதி செதுக்கியிருக்கிறது, ஒரு பகுதி வெறும் கறுப்பு மைக்கோடாக நிற்கிறது. நான் அதிக நேரம் நின்றது அந்த மைக்கோட்டுக்கு முன்னால்தான். கழுத்தின் பின்வளைவை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார் ஒருவர். கை நடுங்கவில்லை. காவலாளி டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டு என்னைக் கிளப்பப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். மறுநாள் கரும்பலகையில் கட்டம் போட்டேன். எகிப்தியர்கள் ஆள் உருவத்தைக் கண்ணளவில் வரையவில்லை, கட்டம் போட்டுத்தான் வரைந்தார்கள். உள்ளங்கால் தொடங்கி நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை பதினெட்டுக் கட்டம். முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் எந்தக் கோட்டில் வர வேண்டும் என்று கணக்கு உண்டு. நூற்றுக்கணக்கான வருஷம் அந்தக் கணக்கை அதிகம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அக்கெனாத்தென் காலத்தில் அது இருபது ஆகிறது. கூடிய நீளம் கழுத்துக்கும் உடம்புக்கும் போய்விடுவதால் முழங்காலுக்குக் கீழே கால் குட்டையாகத் தெரியும். பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் பதினெட்டிலும் மறு பாதியை இருபதிலும் வரையச் சொன்னேன். இருபதில் வரைந்தவர்களின் தாளில் ஏலியன் தானாக வந்து நின்றார். நம்ம பையன் தன் தாளை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இது கணக்கா சார்?” என்று கேட்டான்.

கணக்குத்தான். அதைப் போட்டவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியும். பெக் என்ற தலைமைச் சிற்பி. அஸ்வானில் ஒரு பாறையில் அவரும் அவருடைய அப்பா மென்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்பா முந்தைய அரசர் மூன்றாம் ஆமென்ஹோட்டெப்பின் சிலைக்கு முன்னால், மகன் அக்கெனாத்தெனுக்கு முன்னால். அரசரின் உருவத்தைப் பிறகு யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள். அங்கே பெக் தன்னை அரசரே நேரில் கற்றுக்கொடுத்த மாணவன் என்று சொல்லிக்கொள்கிறார். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் என்ன வேண்டும்? ‘இப்படி வரை’ என்று அரசர் சொல்லியிருக்கிறார், இவர் வரைந்திருக்கிறார். பெக்கும் அவர் மனைவியும் சேர்ந்து நிற்கும் சிறிய சிற்பம் ஒன்று பெர்லினில் இருக்கிறது. அதில் அவருக்கும் தொப்பை. அரசரின் பாணியைத் தன் உடம்பிலும் போட்டுப் பார்த்தாரா, நிஜமாகவே தொப்பையா தெரியாது. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது.

உங்கள் தம்நெயில் சிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1925ல் கர்னாக் கோயிலுக்குக் கிழக்கே வடிகால் வாய்க்கால் வெட்டும்போது வெளிவந்த பெரிய சிலைகள் அவை. கெய்ரோ அருங்காட்சியகத்தில் அண்ணாந்து பார்த்தேன். கீழே நின்று பார்க்கும்போது முகத்தின் நீளம் குறைந்து, உதடும் கண்ணிமையும் முன்னே வந்து நிற்கின்றன. நேர்மட்டத்தில் எடுத்த போட்டோவில் தெரியும் பயங்கரம் அங்கே இல்லை. போட்டோவை வெட்டி, பச்சை விளக்கு போட்டு நீங்கள்தான் அதைப் பேயாக்குகிறீர்கள்.

மார்ஃபான் கதையையும் முடித்துவிடுகிறேன். அரசர் பள்ளத்தாக்கில் 1907ல் திறந்த 55ஆம் எண் கல்லறையில் கிடைத்த உடல் அக்கெனாத்தென்தான் என்று பலர் கருதுகிறார்கள். வயதை வைத்து மறுப்பவர்களும் உண்டு. 2010ல் வந்த மரபணு ஆய்வு அந்த உடலை, பின்னால் அரசரான துட்டன்காமுனின் தந்தை என்றது. மார்ஃபான் இருந்ததற்கு வலுவான அடையாளம் எதையும் அந்த ஆய்வு காணவில்லை. பதினாலு நிமிஷக் காணொளியில் இதற்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா?

இனி பகுத்தறிவாளர் விஷயம். எனக்கு அதிகக் கோபம் இதில்தான்.

கி.மு. 1353 வாக்கில் நான்காம் ஆமென்ஹோட்டெப் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தவர் இவர். ஐந்தாம் ஆண்டு வாக்கில் பெயரிலிருந்த ஆமுன் என்ற பழைய தெய்வத்தை எடுத்துவிட்டு அக்கெனாத்தென் ஆனார். ஆத்தென் என்ற சூரிய வட்டத்துக்காக, இன்று அமர்னா என்கிற இடத்தில், ஆளில்லாத மணல்வெளியில் அக்கெத்தாத்தென் என்று ஒரு தலைநகரம் கட்டினார். அந்த வழிபாடு ஒரே ராத்திரியில் வானத்திலிருந்து குதித்ததாக நீங்கள் சொல்வதும் சரியில்லை. அவருடைய அப்பா காலத்திலேயே அரசப் படகுக்கு ஆத்தென் பெயர் வைத்திருந்தார்கள். மகன் செய்தது மற்ற தெய்வங்களை ஓரங்கட்டியது. அதையும் உபதேசம் செய்து செய்யவில்லை, உளி வைத்துச் செய்தார். கர்னாக்கில் ஹட்ஷெப்சுட் அரசி நிறுத்திய கல்தூண் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். அதில் இருந்த ஆமுன் உருவங்களைச் செதுக்கி எடுத்தார்கள், பின்னால் வந்த அரசர் முதலாம் சேத்தி அவற்றைத் திரும்ப வெட்ட வைத்தார். அந்த உயரத்தில் சாரம் கட்டி ஒருவரை உளியோடு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட கோபமாக இருந்திருக்கும்! சொந்த அப்பாவின் பெயரில் ஆமுன் என்ற எழுத்து வருகிறது என்று அதையும் விடவில்லை.

மூடநம்பிக்கையை ஒழித்து மக்களை விடுவித்தார் என்று சொல்கிறீர்கள். கதிர்களின் முனையில் இருக்கும் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவை உயிர்ச் சின்னத்தை நீட்டுவது யாருடைய மூக்குக்கு? அரசருக்கும் அரசிக்கும் மட்டும். கும்பிட்டு நிற்கும் மற்றவர்களுக்கு வெறும் வெளிச்சம். ஆய் என்ற அதிகாரியின் கல்லறையில் வெட்டியிருக்கும் ஆத்தென் பாட்டு அழகானது, மறுக்கவில்லை. முட்டைக்குள் கீச்சிடும் குஞ்சுக்கு மூச்சுக் கொடுப்பவனே என்கிறது. அயல்நாட்டாருக்கு வானத்தில் ஒரு நைல் நதியை வைத்தாய் என்று மழையைச் சொல்கிறது. மனிதர்களின் பேச்சும் தோலின் நிறமும் வேறு வேறாக இருப்பதையும் அவன் படைப்பு என்று ஏற்கிறது. அதே பாட்டு, உன்னை அறிந்தவன் உன் மகனான இந்த அரசன் ஒருவனைத் தவிர வேறு யாருமில்லை என்றும் சொல்கிறது. நாலாவது காணொளியில் குஞ்சு வருகிறது. இந்த வரி வரவில்லை.

மக்களோ தங்கள் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அதே அமர்னாவில், தொழிலாளர் வீடுகளில் குள்ள உருவமான பெஸ்ஸும், பிரசவத்தைக் காக்கும் நீர்யானைத் தெய்வம் தவரெத்தும் தாயத்துகளாகக் கிடைத்திருக்கின்றன. பிள்ளை பெறும் நேரத்தில் சூரிய வட்டத்தைக் கூப்பிட்டு என்ன செய்ய என்று நினைத்திருப்பார்கள் போல.

ஆத்தென் கோயில்களுக்குக் கூரை கிடையாது. வழிபாடு வெயிலில்தான். இதைப் பற்றி ஒரு புகார்க் கடிதமே இருக்கிறது. அசீரிய அரசர் அஷூர்-உபல்லித் அனுப்பிய களிமண் கடிதம் அமர்னாவில் கிடைத்தது. என் தூதர்களை ஏன் ஓயாமல் வெயிலில் நிற்க வைக்கிறீர்கள், வெயிலில் நிற்பதால் அரசருக்கு லாபம் உண்டென்றால் அவர்கள் நின்று சாகட்டும், இல்லையென்றால் எதற்காகச் சாக வேண்டும் என்று கேட்கிறார். மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடுப்பு, லக்சோர் வெயிலில் ஒரு முற்பகல் நின்றவனுக்கு நன்றாகப் புரியும்.

இவ்வளவு பெரிய கோயில்களை இவ்வளவு வேகமாக எப்படிக் கட்டினார்கள் என்று மூன்றாமவர் ஆச்சரியப்படுகிறார், உடனே வானத்தைக் காட்டுகிறார். பதில் தரையில் இருக்கிறது. தலாதாத் என்று இன்று அழைக்கப்படும் சிறிய கல். சுமார் 52 சென்டிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். பழைய கோயில்களின் பெருங்கற்களை இழுக்க ஒரு கூட்டம் வேண்டும். இதை ஒரு ஆள் தூக்கலாம். வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

அந்த ஒரு ஆளைத்தான் நீங்கள் யாருமே காட்டவில்லை. அமர்னாவின் தெற்குக் கல்லறைகளை ஒட்டிய சாதாரண மக்களின் இடுகாட்டை 2006லிருந்து 2013 வரை தோண்டினார்கள். பாயில் சுற்றிப் புதைத்தவர்கள், நூற்றுக்கணக்கில். தேய்ந்த மூட்டுகள், அடிபட்ட முதுகெலும்புகள், சத்துக்குறைவின் தடயங்கள். அப்புறம் வடக்குக் கல்லறைகள் பக்கம் இன்னொரு இடுகாடு. அங்கே கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பதிமூன்று வயது. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு பெண், “அவங்களும் கல்லு தூக்குனாங்களா சார்?” என்று கேட்டாள். பாரமான வேலை செய்த அடையாளம் சிலர் எலும்பில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்று சொன்னதால் வகுப்பு கலைந்து போய்விடவில்லை, இன்னும் கவனமாகக் கேட்டார்கள். உங்களிடமும் அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்தேன்.

அக்கெனாத்தெனை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு பாரோ தன் குழந்தைக்கு முத்தம் கொடுப்பதை எகிப்தியச் சிற்பத்தில் அவர் காலத்துக்கு முன் யாரும் இப்படிக் காட்டியதில்லை. பெர்லினில் இருக்கும் அந்தச் சிறிய கற்பலகையில், நெஃபர்டிட்டியின் தோளில் ஏறியிருக்கும் கைக்குழந்தை அம்மாவின் கிரீடத்தில் தொங்கும் பாம்பு அணியைப் பிடித்து விளையாடுகிறது. மகள் மெக்கெத்தாத்தென் இறந்தபோது அழும் அப்பா அம்மாவை அரசக் கல்லறைச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அதுவரை பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் பெருவிரல் மட்டும் தெரிகிற மாதிரிதான் வரைந்தார்கள். ஐந்து விரலும் தெரிய வெளிப்பாதத்தை வரையும் வழக்கம் பரவியது இந்தக் காலத்தில்தான். வலது கால் எது, இடது கால் எது என்று கடைசியில் ஒருவர் கவனித்திருக்கிறார்! உங்களுக்கு அதிசயம் வேண்டுமென்றால் இதில் எடுத்துக்கொள்ளலாமே.

அல்லது துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 டிசம்பர் 6 அன்று நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை கிடைத்தது அங்கேதான். அவர் பெயர் தெரிந்ததே, குதிரைக்குக் கட்டும் தந்தக் கண்மறைப்பு ஒன்றில் எழுதியிருந்ததால்தான். 2009ல் வெளியான ஸ்கேன் ஆய்வில், மேலே பூசிய சுதைக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லில் இன்னொரு முகம் தெரிந்தது. வாயோரத்தில் சுருக்கம், மூக்கில் லேசான மேடு. முதலில் கண்ணால் கண்ட முகத்தைச் செதுக்கிவிட்டு, பிறகு சுதை பூசி வழவழப்பாக்கியிருப்பார் போல. இருபது கட்டத்து ஏலியனிலிருந்து இந்த முகத்துக்கு அதே ஆட்சியில், பதினேழு வருஷத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். நோயும் வேற்றுக்கிரகமும் இந்த மாற்றத்தை எப்படி விளக்கும்?

பிறகு நடந்தது தெரிந்ததுதான். துட்டன்காத்தென் தன் பெயரிலிருந்த ஆத்தெனை எடுத்துவிட்டு ஆமுனைப் போட்டு, துட்டன்காமுன் ஆனார். பின்னால் வந்த அரசர் ஹொரெம்ஹெப், கர்னாக்கில் ஆத்தென் கோயில் கற்களைப் பிரித்துத் தன் கோபுர வாசல்களுக்குள் போட்டு நிரப்பினார். அதனாலேயே அவை பத்திரமாக இருந்தன. அபிதோஸ் கோயிலின் அரசர் பட்டியலில் அக்கெனாத்தெனின் பெயரே இல்லை. பிற்கால வழக்கு ஒன்றில் பெயர் சொல்லாமல் ‘அக்கெத்தாத்தெனின் எதிரி’ என்று குறிப்பிடுகிறார்கள். ஒருவர் பெயரை எப்படியெல்லாம் அழிக்கலாம் என்று அவரே காட்டிக்கொடுத்த வழி.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

வேற்றுக்கிரகவாசி, மார்ஃபான் என்று தலைப்பு வைத்த காணொளிகளின் தலைப்பையும் தம்நெயிலையும் மாற்றுங்கள். காணொளியை நீக்கச் சொல்லவில்லை. முதல் கமெண்டில் திருத்தம் எழுதி, அதை மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வையுங்கள், போதும். ஊகத்தைச் சொல்லும்போது அது ஊகம் என்று வாயால் சொல்லுங்கள். திரையின் மூலையில் ஒரு நொடி வந்து போகும் பொடி எழுத்தை எட்டாம் வகுப்பு படிக்கிறவன் பார்க்க மாட்டான்.

ராமோஸ் கல்லறையின் அந்த ஒரே சுவரை, வாசலின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, அரை நிமிஷமாவது காட்டுங்கள். படங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. எந்தச் சிற்பத்தைக் காட்டினாலும் எங்கே கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். செய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பெக், மென், துத்மோஸ், மூன்று பெயர்தான். உச்சரிக்கச் சிரமமும் இல்லை.

பகுத்தறிவாளர் என்று சொன்ன நண்பர், தூணில் ஏறிய உளியையும் இடுகாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து இன்னொரு பகுதி போடுங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் அவரைப் பகுத்தறிவாளர் என்று நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் கருத்து.

எங்கள் பள்ளியில் அடுத்த மாதக் கடைசியில் ஓவியக் கண்காட்சி. அந்தப் பையன் படத்தைத் திரும்ப வரைகிறான். பறக்கும் தட்டு இருந்த இடத்தில் இப்போது உளியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் தொப்பை. பார்க்க வரும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இந்தப் பெயரைத் தேடத்தான் செய்வார்கள். முதலில் வருவது உங்கள் காணொளிதான். திருத்தத்தை அதற்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்